களிசான் இல்லாத கோட்

மகனுக்கு வந்த அழைப்பிதழின் அடியில், என்ன உடுத்து வர வேண்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. இராவிருந்துக்குரிய கறுப்புக் கோட், போ டை. கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில், அவனோடு கணக்கியல் படித்து முடித்தவர்களின் விருந்து. 2023ஆம் ஆண்டு அது. முந்திய வருடம் நாடு பட்ட பாட்டுக்குப் பிறகு என் ஓய்வூதியம் அரிசிக்கும் கேஸுக்குமே இழுபறியாகக் கிடந்தது. உடுப்பை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கக் கேட்ட காசில் எங்கள் வீட்டுக்கு இரண்டு கிழமைச் சாமான் வாங்கலாம்.

"நான் போகல்ல வாப்பா. அது பெரிய விசயமா?" என்றான் மகன். சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அலுமாரியில் ஒரு கோட் இருந்தது. என் வாப்பா ஹட்டனில் தையல் கடை வைத்திருந்தவர். தோட்டத் துரைமார் அவருடைய வாடிக்கைக்காரர். அவர்கள் கிளப்பில் சாப்பிடப் போகும்போது உடுத்தும் கோட்டுகளை அவர் தைத்தும் திருத்தியும் கொடுத்திருக்கிறார். அவசரமென்றால் கிளப்பின் பின்வாசல் வரை கொண்டுபோயும் கொடுத்திருக்கிறார். அந்தக் கோட்டோடு ஒருவர் மேசையில் அமர்ந்திருந்ததை அவர் ஒருநாளும் கண்டதில்லை. அலுமாரியில் கிடந்தது அவற்றில் ஒன்று. ஒற்றைப் பொத்தான், மார்பு மடிப்பில் நுண்வரி ஓடும் மங்கலான பட்டு. மகனுக்குப் போட்டுப் பார்த்தோம். தோள் அளவெடுத்துத் தைத்தது போல் நின்றது. ஆனால் கோட் மட்டும்தான். களிசான் இல்லை.

கறுப்புக் களிசான் ஒன்று வாங்குவது பெரிய வேலையா என்றுதான் நானும் நினைத்தேன். 5,000 ரூபாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கோட்டை ஒரு பையில் மடித்துப் போட்டு, மாவனல்லையில் பஸ் ஏறினேன்.

புறக்கோட்டையில் ஏறி இறங்கிய மூன்றாவது கடையில் ஒரு பொடியன் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு களிசானை விரித்து, "சரியா மெச் ஆகுது அங்கிள்" என்றான். டியூப் லைட் வெளிச்சத்தில் ஆகத்தான் செய்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்தேன். கோட் பழைய கடுதாசியில் வெளிறிய மை மாதிரி மண்ணிறம் தட்டியிருந்தது. களிசானோ காகத்தின் சிறகு போல நீலமாய் மினுங்கியது. கறுப்பில் இத்தனை சாதி இருப்பதை வாப்பா சொல்லியிருக்கிறார். மின்விளக்கில் கறுப்பைவிடக் கறுப்பாய்த் தெரிவது கருநீலம்தான் என்பார். 1920களிலும் முப்பதுகளிலும் இங்கிலாந்தின் வேல்ஸ் இளவரசர் அந்த நிறத்தில் உடுத்தியே அதை நாகரிகமாக்கிவிட்டார் என்று பிறகு நான் படித்தேன்.

புதுக்கடைப் பக்கம் போகச் சொன்னது ஒரு நாட்டாமை. நீதிமன்றங்களைச் சுற்றிச் சட்டத்தரணிகளுக்குக் கறுப்புக் கோட் தைக்கும் கடைகள் இருக்கின்றன. ஒடுங்கிய ஒரு கடையில் என்னைவிடப் பத்து வயது மூத்த டெய்லர் நானா ஒருவர் இருந்தார். கோட்டை வாங்கிப் பார்க்கவில்லை. விரல்களுக்கிடையில் வைத்து உருட்டினார்.

"களிசான் தேஞ்சு போயிருக்கும். கதிரையில தேய்றது அதுதானே. கோட்டு மட்டும் மிஞ்சும்" என்றார். "ஆர்ர?"

"ஒரு துரை வாப்பாக்குக் குடுத்தது" என்றேன்.

அவர் சொல்லித்தந்ததில் பாதி எனக்குப் புதிது. நிறத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் பாரத்தைப் பாருங்கள் என்றார். அந்தக் காலத்துக் கம்பளித் துணி கனம். இந்தக் காலத்து மெல்லிய துணி அதன் கீழே காற்றில் அலையும், எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். மினுக்கம் கூடாது. கோட்டின் பொத்தான் உயரத்தில் இருக்கிறது. ஆகவே களிசானின் இடுப்பு தொப்புள் மட்டத்துக்கு வர வேண்டும். இப்போதைய பொடியன்மார் போல இறக்கிப் போட்டால் பொத்தானுக்குக் கீழே சேர்ட் வெள்ளை முக்கோணமாய்த் தெரியும். பெல்ட் இல்லை, தோள்வார். காலடியில் மடிப்பு வைக்கக் கூடாது. வெளித்தையல் நெடுக ஒரு பட்டு நாடா. "வால்கோட்டுக்கு ரெண்டு, இதுக்கு ஒண்டு."

பிறகு மேல்தட்டிலிருந்து ஒரு பார்சலை எடுத்துப் பிரித்தார். உள்ளே கறுப்புக் கம்பளிக் களிசான். வாசலில் கோட்டோடு சேர்த்துப் பிடித்தோம். ஒரே பீஸில் வெட்டியது போலிருந்தது. அந்த மண்ணிறம்கூட அப்படியே. இடுப்பும் உயரம். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"எவ்வளவு நானா?"

"இது குடுக்கேலா. எந்தத் துணி சேரும் எண்டு காட்டத்தான் எடுத்த. ஒரு லோயர் தைக்கத் தந்தது. பதினொரு வருசம், எடுக்க வரல்ல."

"பதினொரு வருசமா வராதவரு இனி வருவாரா? மௌத்தாகியும் இருக்கலாம்."

"மௌத்தானா வாரிசு ஈக்கும். அமானிதம் மகன்" என்று பார்சலைத் திரும்பக் கட்டினார். அறுபத்தாறு வயதில் ஒருவர் என்னை மகன் என்கிறார்.

கோபம்தான் முதலில் வந்தது. ஒரு பழைய களிசானுக்கு இவ்வளவு பேச்சா என்று. அந்தக் கோபம் அடங்கும் முன்பே என் கையில் இருந்த பை கனக்கத் தொடங்கியது. ஏனென்றால் துரை வாப்பாவுக்குக் கொடுத்தது என்று நான் சொன்னது பொய். சொல்லிச் சொல்லிப் பழகிய பொய். 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையான நாட்களில், உள்துணி மாற்றவென்று அந்தத் துரை கோட்டை மட்டும் கடையில் விட்டுப் போனார். வேலை முடிந்தது. அவர் திரும்பி வரவில்லை, கப்பலேறிவிட்டதாகச் சொன்னார்கள். வாப்பா வருடா வருடம் அதை வெயிலில் காயப்போட்டு, பூச்சி உருண்டை வைத்து மடித்தார். உள்பையில் அளவுச் சீட்டு இன்னமும் இருக்கிறது. பெருநாளைக்குக்கூட அவர் அதை ஒருமுறை தோளில் போட்டுப் பார்த்ததில்லை. அவருக்குச் சரிவராத அளவாக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நானாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பிளேன்டீ எடுப்பித்தார். "ஒங்கட வாப்பா நல்ல தொழிலாளி" என்று பொத்தான் துளையின் கைத்தையலைத் தடவினார். தேடிப்பிடிக்க முடியாதவரின் பொருளுக்கு அதன் பெறுமதியை அவர் பேரில் தர்மம் செய்யலாமாம், ஆனால் அதை ஆலிம் ஒருவரிடம் கேளுங்கள், நான் துணி வெட்டுகிறவன் என்றார்.

பிறகு வேலையைப் பார்த்தார். கம்பளி கலந்த வெட்டுத்துண்டு, 1½ யார், 2,400 ரூபா. தையற்கூலி 1,800. பட்டு நாடாவுக்கு வழியில்லை. ரிபன் கடையில் வாங்கிய சட்டின் ரிபன் கண்ணைப் பறித்தது. அதைப் புரட்டி, மங்கலான உள்பக்கம் வெளியே தெரியத் தைத்துவிட்டார். 150 ரூபா. மிச்சம் 650 பஸ்ஸுக்கும் போ டைக்கும். துணி கோட்டைவிட ஒரு பிடி கறுப்புக் கூடுதல்தான். "ராவையில ஒருத்தனுக்கும் தெரியாது. பகல்ல வெளிய நிக்க வேணாம் எண்டு மகனுக்குச் சொல்லுங்க."

மகனுக்கு அதையும் சொன்னேன், மற்றதையும் சொன்னேன். அளவுச் சீட்டை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப இது இரவல்தானே வாப்பா" என்றான். "பத்திரமாப் போட்டுட்டு வாறன்."

நள்ளிரவு தாண்டி வந்தவன் கோட்டைக் கழற்றி, தூசி தட்டி, ஹேங்கரில் மாட்டினான். களிசானைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டான். சீட்டு உள்பையில் இருக்கிறதா என்று நான் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.