ஈயம் பத்த வைக்க முடியாத ரேடியேட்டர்

டிஸ்கி: இது கார் ரிப்பேர் பதிவு. ஆனா ஸ்பேனர் பிடிக்காதவங்களும் தைரியமா படிக்கலாம், நடுவுல எங்கப்பா வர்றார் :)

பொட்டி தட்டிப் பொழைக்கிற பய அமெரிக்காவுல என்ன கார் வாங்குவான்? கேம்ரி, அக்கார்டு. நான் வாங்கினது 1994 மாடல் மஸ்டா மியாட்டா. ரெண்டே சீட்டு, துணிக்கூரை, பட்டனை அமுக்கினா தவளை முழிக்கிற மாதிரி மேல எழும்புற ஹெட்லைட்டு. 1989 பிப்ரவரியில சிகாகோ கண்காட்சியில அறிமுகமாச்சு. 2016ல பத்து லட்சத்தைத் தாண்டிடுச்சு. என்கிட்ட இருக்கறது என்னைவிட மூணு வயசு மூத்தது. தங்கமணி அதுக்கு வச்ச பேரு 'உங்கண்ணன்'.

அண்ணனுக்குப் போன கோடையில உடம்பு சரியில்லாம போச்சு. வண்டிய நிறுத்தினா பானெட் பக்கத்துல லேசா ஒரு தித்திப்பு வாசனை. கூலன்ட்டோட வாசனை அது. திறந்து பார்த்தா ரேடியேட்டரோட மேல் தொட்டி, ஒரு காலத்துல கருப்பா இருந்தது, பழுத்த இலை மாதிரி பச்சையும் பழுப்புமா மாறியிருக்கு. ஹோஸ் சேர்ற கழுத்துக்கிட்ட முடி மாதிரி ஒரு விரிசல், ஓரத்துல காஞ்சுபோன உப்புப் படிவு.

இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது. தொட்டி கண்ணாடி இழை கலந்த நைலான். வருசக்கணக்கா கொதியும் குளிருமா மாறி மாறி வாங்கினா எந்த பிளாஸ்டிக்கும் நொறுங்கத்தான் செய்யும். பாதிக்குப் பாதி தண்ணி கலந்த கூலன்ட் சாதாரணமா 107 டிகிரி வாக்குல கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தை உள்ளயே பிடிச்சு வைக்கிறதால அந்த எல்லை இன்னும் மேல போகுது, நம்ம வீட்டு குக்கர் கணக்குதான். விரிசல் விட்ட தொட்டியால அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாது. நெடுஞ்சாலையில பிளந்துச்சுன்னா கூலன்ட் மொத்தமும் நிமிசத்துல காலி. இந்த எஞ்சினுக்கு பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடு மீறினா ஹெட் வளைஞ்சுடும், கேஸ்கெட் போயிடும். அந்தச் செலவுக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம். அதாவது, அண்ணனை நேரா காயலான் கடைக்கு அனுப்ப வேண்டியதுதான்.

கடையில விசாரிச்சேன். பார்ட்ஸ், கூலி எல்லாம் சேர்த்து 800 டாலர்னாங்க. புது ரேடியேட்டர், ஹோஸ், தெர்மோஸ்டாட், மூடி, கூலன்ட் எல்லாம் நானே வாங்கினா 250க்குள்ள முடியுது. சனிக்கிழமை ஆபீஸ் ஆணி ஒண்ணும் இல்ல. வீட்டு வாசல்லயே இறங்கிட்டேன்.

ஆரம்பிக்கிற நேரம் பார்த்து அப்பா வீடியோ கால்ல வந்தார். நாமக்கல்ல லாரி பட்டறையில முப்பது வருசம் கை கருத்தவர். என்னை இஞ்சினியரிங் படிக்க வச்சதே என் கை கருக்கக் கூடாதுன்னுதான். நான் கையுறை மாட்டிக்கிட்டு ஜாக்கை நகர்த்தறதப் பார்த்துட்டுக் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

"ஏஞ்சாமி, இதுக்கு அங்க ஆளு கெடையாதா?"

"இருக்காங்கப்பா. நானே பண்ணிப் பாக்கலாம்னு."

"எதுக்குப் புதுசு? ஈயம் பத்த வச்சா போகுது."

"இல்லீங்கப்பா, தொட்டி பிளாஸ்டிக்கு."

அதுக்கப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குப் புதுசு. அவங்க காலத்து ரேடியேட்டர் எல்லாம் செம்பும் பித்தளையும். ஒழுகினா கழட்டித் தண்ணித் தொட்டியில முக்கி, காத்தடிச்சு, முட்டை வர்ற இடத்துல பத்த வைப்பாங்க. ரேடியேட்டர் மட்டுமே பார்க்கிறவங்க பட்டறைப் பக்கம் மூணு பேர் இருந்தாங்களாம். அலுமினிய ஜல்லடையில பிளாஸ்டிக் தொட்டிய ரப்பர் வச்சு மடிச்சுக் கவ்வுற முறை வந்தப்புறம், பத்த வைக்கிறதுக்கு ஒண்ணுமில்லாம போச்சு. "ஒழுகுனா கழட்டி எறி, புதுசு மாட்டு. அதுக்கு எதுக்குக் கைவேலைக்காரன்?"ன்னார். குரல்ல கோவம் இல்ல. அது இல்லாததுதான் என்னமோ பண்ணுச்சு.

வேலை கஷ்டமில்ல மக்களே. எஞ்சின் முழுசா ஆறின பிறகுதான் மூடியத் தொடணும், சூட்டுல திறந்தா முகம் வெந்துடும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டு மேல நிறுத்தணும் (ஜாக்கை மட்டும் நம்பி அடியில போகாதீங்க). அடித்தட்டைக் கழட்டி, வடி திருகைத் திறந்தா கூலன்ட் வடியும். மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 6 லிட்டர். அதைத் தரையில விடாதீங்க, நாயும் பூனையும் நக்கிட்டுச் செத்துப்போகும். கேன்ல பிடிச்சு கழிவு சேகரிக்கிற இடத்துல குடுத்துட்டேன். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ரெண்டு ஃபேனோட ஒயர், போல்ட்டு. கியர் வண்டிங்கறதால ஆட்டோமேட்டிக்ல இருக்கிற எண்ணெய்க் குழாய் தொல்லை இல்ல. அப்படியே மேல தூக்கினா ரேடியேட்டர் கையோட வந்துடும். ஃபேன்களைப் புதுசுக்கு மாத்தி, வந்த வழியே இறக்க வேண்டியதுதான்.

உண்மையான வேலை காத்தை வெளியேத்தறதுதான். ஹீட்டரை முழுசாத் திறந்து வச்சு, மூடிய எடுத்துட்டு, மூக்கு உசந்தாப்புல எஞ்சினை ஓட விடணும். தெர்மோஸ்டாட் திறந்ததும் குமிழ் குமிழா வரும், மட்டம் இறங்கும், ஊத்தணும். உள்ள காத்து நின்னா சென்சாரைச் சுத்தி ஆவிதான் இருக்கும், அப்ப முள் சொல்றதை நம்ப முடியாது.

இருபது நிமிசம் அந்தக் குமிழை நானும் அப்பாவும் சேர்ந்து பார்த்தோம். அங்க நடு ராத்திரி. தூங்கப் போங்கப்பான்னா கேக்கல. "மேல் ஹோஸைத் தொட்டுப் பாரு... இப்ப கீழதைத் தொடு. ரெண்டும் சூடா? அப்ப ஓட்டம் இருக்குது. மூடு." பத்தாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்து என் உள்ளங்கையை வச்சு அவர் பார்த்த பரிசோதனை அது.

முடிஞ்சதும் கையுறையைக் கழட்டினேன். ஓட்டையாகியிருக்கும் போல, விரலெல்லாம் கருப்பு. காமிச்சேன். சிரிச்சார்.

"சோப்புல போவாது சாமி. தேங்காண்ணெய் போட்டுத் தேய்."

பி.கு: பழைய வண்டி வச்சிருக்கறவங்க நாளைக்குக் காலையில எஞ்சின் ஆறி இருக்கும்போது பானெட்டைத் திறந்து தொட்டியோட நிறத்தை ஒரு தரம் பார்த்துடுங்க. கருப்புன்னா சந்தோசம். பழுப்புன்னா ஒரு சனிக்கிழமைய ஒதுக்கிடுங்க. கூடப் பேச ஆளும் வச்சுக்கோங்க :))