குறை ஏதும் காணப்படவில்லை

2024 மே மாதத்தின் தொடக்கம். தில்லியின் வெயில் இரவிலும் சுவர்களை விட்டு இறங்காத நாட்கள். பல்கலைக்கழக விடுதியின் மூன்றாம் மாடி அறையொன்றில், இரவு பதினோரு மணியளவில், ஓர் ஆய்வு மாணவியின் மடிக்கணினி அணைந்துபோனது. எச்சரிக்கைச் செய்தி எதுவும் தோன்றவில்லை. விசிறியின் இரைச்சல் ஒரு கணம் உயர்ந்தது, திரை கறுத்தது. பத்து நிமிடம் கழித்துப் பொத்தானை அழுத்தியபோது ஒன்றுமே நடவாதது போல விழித்துக்கொண்டது. மறுநாளும் அவ்வாறே நிகழ்ந்தது. அதற்கடுத்த நாள் இருமுறை.

அந்தக் கணினியின் விலை 62,000 ரூபாய். நெட் தேர்வின்வழி உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட மாணவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் கிடைப்பது மாதம் 8,000 ரூபாய். ஏறத்தாழ எட்டு மாத உதவித்தொகை அந்த மெல்லிய பெட்டிக்குள் இருந்தது. அதைவிடப் பெரிய செல்வமும் இருந்தது: யமுனையாற்றங்கரையில் பயிர் செய்து வாழ்ந்தவர்களுடன் அவள் நிகழ்த்திய 64 நேர்காணல்களின் ஒலிப்பதிவுகள். 2023 ஜூலையில் யமுனையின் நீர்மட்டம் தில்லியில் 208.66 மீட்டரைத் தொட்டபோது வயலையும் குடிசையையும் இழந்தவர்கள் அவர்கள். பேசியவர்களுள் முதியவர் இருவர் இப்போது உயிரோடில்லை. ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் வேலையின் நடுவில்தான் கணினி அணைந்துகொண்டிருந்தது. ஓராண்டு உத்தரவாதம் ஜூன் 27 அன்று முடிவதாக இருந்தது.

சேவை மையம் குளிரூட்டப்பட்ட ஒரு கூடம். எண் சீட்டு, வரிசை, நாற்காலிகள். அவளுக்கு முன்னே ஒரு பெரியவர் தம் மகளின் கணினியுடன் நின்றார். வீட்டில் அணைகிறது, இங்கே அணையவில்லை என்று இந்தியில் மெல்லச் சொன்னார். ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளொன்றை நீட்டினார்கள். அவர் அதைப் படிக்கவில்லை; கையொப்பமிட்டுக் கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியேறினார்.

நான்கு நாள் கழித்து அவளுக்கும் அதே தாள் வந்தது: ‘குறை ஏதும் காணப்படவில்லை.’

இரண்டாம் முறை சென்றபோது தொலைபேசி உதவியாளரின் அறிவுரைப்படி பயாஸைப் புதுப்பித்து, இயங்குதளத்தையும் முழுவதுமாக அழித்து மீண்டும் நிறுவியிருந்தாள். அதற்கு முன்பே கடன் வாங்கி ஒரு வெளிப்புற வன்தட்டு வாங்கி, ஒலிப்பதிவுகள் அனைத்தையும் படியெடுத்து வைத்திருந்தாள். இம்முறை பதில் வேறாக இருந்தது. கணினியின் விவரக்குறிப்பில் இயங்கு வெப்பநிலை 35 பாகை செல்சியஸ் வரை என்று உள்ளது; அறையில் அதைவிட வெப்பம் இருந்தால் உத்தரவாதம் பொருந்தாது என்றார்கள்.

அது பொய்யன்று. சந்தையிலுள்ள மடிக்கணினிகள் பலவற்றின் விவரக்குறிப்பில் 35 பாகை என்ற எல்லையே காணப்படுகிறது. செயலி சூடேறும்போது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிடில் தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்ளும். அந்தச் சூட்டை வெளியேற்ற விசிறி இழுப்பது அறையின் காற்றைத்தான். காற்றே கொதித்தால் விசிறி என்ன செய்யும்? ஆயினும் மே மாதத்தில் நாற்பது பாகையைத் தாண்டுவது வட இந்தியாவில் வழக்கம். அந்த ஊரிலேயே கடை திறந்து விற்றுவிட்டு, ஊரின் வெயிலைக் காரணம் காட்டுவது எவ்வகை நியாயம் என்பது அவள் மனத்தில் எழுந்த முதற்கேள்வி. இரண்டாவது கேள்வி அதைவிடக் கூர்மையானது: குறை உண்மையில் வெயிலிலா, கணினியிலா? நேர்மையாகச் சொன்னால், அது அவளுக்கே தெரியாது.

வழி காட்டியது ஒரு செய்தி. மே 29 அன்று தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 பாகை என்று காட்டி நாட்டையே திடுக்கிட வைத்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை அந்த எண்ணை அப்படியே ஏற்கவில்லை. அங்கேயே தரமான கருவியொன்றை வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, நிலையத்தின் உணரி ஏறத்தாழ 3 பாகை கூட்டிக் காட்டியது என்று சில நாட்களில் அறிவித்தது. ஐயத்துக்குரிய கருவியின் அருகே ஐயமற்ற கருவியை வைப்பது: ஆய்வு முறையியலின் முதல் பாடம் அது. சொந்தக் கணினிக்கு அதைப் பயன்படுத்த அவளுக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது.

அறைத்தோழியிடம் அதே மாதிரிக் கணினி இருந்தது. இருவரும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. ஜூன் 3 முதல் 12 வரை பத்து நாட்கள், காலையில் நூலகத்தின் குளிர்ந்த கூடத்தில் ஓர் அமர்வு, இரவில் விடுதி அறையில் ஓர் அமர்வு. இரண்டு கணினிகளிலும் ஒரே ஒலிக்கோப்பு, ஒரே மென்பொருள். அருகே ஒரு சிறிய வெப்பமானி. எதிரே அனைத்தையும் படம்பிடிக்கும் கைபேசி. 20 அமர்வுகளில் அவளது கணினி 13 முறை அணைந்தது. விடுதியில் ஒன்பது, 26 பாகை காட்டிய நூலகத்தில் நான்கு. தோழியின் கணினி ஒருமுறைகூட அணையவில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 41 என்ற எண்ணோடு ஒவ்வோர் அணைவும் நேரத்துடன் பதிவாகியிருந்தது. அந்த நான்கு போதும். வெயில் வழக்கிலிருந்து விலகிவிட்டது.

பதிவுகளை அட்டவணையாக்கி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிட்டுப் புகார் எண் பெற்றாள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் அப்போதுதான் முழுமையாகப் படித்தாள். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமின்றி வழக்குத் தொடுக்கலாம். தாம் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம். குறை வெளிப்படையாகத் தெரியாதபோது பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்தச் சோதனைக்கான கட்டணத்தை முதலில் முறையீட்டாளரே செலுத்த நேரிடலாம். சோதனை தேவைப்படும் வழக்குகளை ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அவளுக்கு எஞ்சியிருந்தவை இரண்டு வாரங்கள்.

வழக்குக்குத் தேவை ஏற்படவில்லை. மூன்றாம் நாள் நிறுவனத்தின் மேலாளர் ஒருவர் அழைத்தார். கணினியை இம்முறை உண்மையாகவே திறந்து பார்த்தார்கள். இரண்டு விசிறிகளில் ஒன்று பாதி வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. செயலியின்மேல் பொருந்த வேண்டிய வெப்பக்குழாய்த் தகடும் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நின்றது. தொடர்ந்த சூட்டினால் மதர்போர்டும் பழுதுபட்டிருந்தது. மூன்றையும் கட்டணமின்றி மாற்றிக் கொடுத்தபோது தேதி ஜூன் 24.

அறைக்கு வந்து கணினியைத் திறந்தவுடன் நீலத் திரையொன்று 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்டது. வன்பொருளை மாற்றும்போது பிட்லாக்கர் பூட்டு இவ்வாறு விழித்துக்கொள்வதுண்டு. பழைய மதர்போர்டில் இருந்த திறவுகோல் அதனுடனேயே போய்விட்டிருந்தது. சேவை மையத்தில் இதைப் பற்றி எவரும் ஒரு சொல் சொல்லவில்லை. தரவு இழப்புக்கு நிறுவனம் பொறுப்பன்று என்ற வரி மட்டும் தாளில் இருந்தது. ஒலிப்பதிவுகளின் படி வெளிப்புற வன்தட்டில் இருந்தது. ஆனால் பத்து நாள் சோதனையின்போது எழுத்தாக்கியவையும், அவற்றின் ஓரத்தில் அவள் எழுதிய குறிப்புகளும் உள்ளேதான் இருந்தன. தோழியின் வற்புறுத்தலால் முன்பொருநாள் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்த எண்களை ஒவ்வொன்றாக இட்டாள். திரை திறந்தது. யமுனைக்கரை மூதாட்டியொருத்தியின் குரல், விட்ட இடத்திலிருந்து, வெள்ளரிக்கொடியைப் பற்றிப் பேசத் தொடங்கியது.

மகிழ்ச்சியோடு ஓர் உறுத்தலும் அன்றிரவு வந்தது. கணினி சரியானது, அவளுக்கு ஆய்வு முறை தெரிந்திருந்ததால். ஒப்பிட்டுக் காட்ட இரண்டாவது கணினி கிடைத்ததால். ஆங்கிலத்தில் அட்டவணையிட்டு எழுத முடிந்ததால். அவளுக்கு முன்னே வரிசையில் நின்ற பெரியவரிடம் இவற்றுள் எதுவும் இல்லை. அவர் மகளின் கணினியில் குறை இருந்ததா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. காணப்படவில்லை என்று எழுதித் தந்தார்களே தவிர, எங்கே, எப்படித் தேடினார்கள் என்று எழுதித் தரவில்லை.

ஜூலையில் விடுதியின் அறிவிப்புப் பலகையில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கையால் எழுதிய தாளொன்று ஒட்டப்பட்டிருந்தது. அதில் நான்கே வரிகள். சேவை மையத்துக்குக் கொடுக்குமுன் கோப்புகளைப் படியெடுங்கள். 48 இலக்கச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். குறை தோன்றும்போதெல்லாம் தேதியோடு படம்பிடியுங்கள். குறை காணப்படவில்லை என்று தாள் தந்தால், எத்தனை மணி நேரம், எந்த வெப்பத்தில், என்ன வேலை கொடுத்துச் சோதித்தார்கள் என்பதையும் அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதன் பின்னரே கையொப்பமிடுங்கள்.