விருந்துக்கு வந்த சாவு

வேர்ஜீனியா வூல்ஃபின் 'மிஸிஸ் டாலோவே' (1925) நாவலை முதற்தடவை பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். 1923 ஜூன் மாதத்து லண்டன், ஒரேயொரு நாள். காலையில் கிளாரிஸா பூ வாங்கப் போகிறாள். இரவில் அவள் வீட்டில் விருந்து. வசதிக்காரியின் விருந்தில் நமக்கென்ன என்றிருந்தது.

அதே நகரில், அதே பிக் பென் மணியோசைக்குள், முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய செப்டிமஸ் அலைகிறான். போரில் இறந்த தோழன் இவான்ஸ் அவன் கண்முன் வருகிறான். பின்னேரம், வைத்தியர் படியேறி வருகையில், ஜன்னலால் குதித்துவிடுகிறான். கிளாரிஸா அவனைக் கண்டதேயில்லை. விருந்துக்குப் பிந்தி வந்த இன்னொரு வைத்தியரின் மனைவி, தாமதத்துக்குக் காரணமாகத்தான் அந்தச் சாவைச் சொல்கிறாள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வலீமாவில் சஹனைச் சுற்றி அமர்ந்திருந்தோம். ஊரில் ஒருவன் தன்னை மாய்த்துக்கொண்டதைப் பக்கத்திலிருந்தவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பெயரைக் கேட்டேன். 'இன்னாலில்லாஹி' என்றேன். பிறகு வட்டிலப்பம் வந்தது, சாப்பிட்டேன். ருசியாகவும் இருந்தது.

அன்றிரவுதான் நாவலை மறுபடி எடுத்தேன். முகமறியாத ஒருவனுக்காக கிளாரிஸா விருந்தினரை விட்டு ஒரு சிற்றறைக்குள் போய்த் தனியே நிற்கிறாள். எதிர்வீட்டுக் கிழவி உறங்கப் போவதைப் பார்த்தபடி நிற்கிறாள்.

ஐந்து வருடம் என் வாங்கில் இருந்து படித்தவன் அவன் என்று அந்தச் சஹனில் யாரிடமும் நான் சொல்லவில்லை.