இருவாச்சி வீட்டு வாசலில்

பிறந்ததும் கோயம்புத்தூர், வாக்கப்பட்டதும் கோயம்புத்தூர். வால்பாறை எங்கள் ஊரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான். ஆனாலும் 47 வயது வரைக்கும் ஆழியார் அணையைத் தாண்டி நான் மேலே போனதில்லை என்றால் நம்புவீர்களா? அணைப் பூங்காவில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்போம், சாப்பிடுவோம், மலையை அண்ணாந்து பார்ப்போம், திரும்பி விடுவோம். "அடுத்த லீவுக்கு மேல போலாம்" என்பார் எங்க வீட்டுக்காரர். அந்த அடுத்த லீவு வருவதற்குள் பெண் வளர்ந்து, படித்து, பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, கல்யாணமும் ஆகி, கையில் ஒரு பேரனையும் கொடுத்து விட்டாள்.

போன சித்திரையில் மாப்பிள்ளைதான் பேச்சை எடுத்தார். "அத்தை, எல்லாருமா ரெண்டு நாள் வால்பாறை போயிட்டு வரலாமுங்க. இவளுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். பிரசவத்துக்காக வேலையை விட்டவள் என் பெண். பேரனுக்கு 14 மாதம் ஆகியும் வீட்டோடுதான் இருந்தாள். எந்நேரமும் முகம் தொங்கியே இருக்கும். "நாலு செவுத்துக்குள்ளயே கெடக்கறேம்மா" என்று ஒரு நாள் அழுதாள். "நாங்க எல்லாம் கெடக்கலையா? பையன் ஸ்கூலுக்குப் போற வரைக்கும் பேசாம இரு கண்ணு" என்று அதட்டி விட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் கிளம்பினோம். ஆழியார் சோதனைச் சாவடி தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்பதாவது வளைவில் இறங்கிப் பார்த்தால் ஆழியார் அணை ஒரு தாம்பாளம் மாதிரி கீழே மினுங்குகிறது. பாறை விளிம்பில் நான்கைந்து வரையாடுகள் பயமில்லாமல் நின்றன. நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடுதான். சர்க்காரின் முத்திரைப் பட்டியலில் பெயராகத் தெரியும், நேரில் பார்ப்பது அன்றுதான்.

மலைப்பாதையில் வாந்தி வருமே என்று பயப்படுகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வயிறு முட்டச் சாப்பிட்டு விட்டு ஏறாதீர்கள். முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தில் பாருங்கள். குனிந்து செல்போன் பார்க்கவே கூடாது. எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும். பால் கொடுக்கும் தாய்மார்கள் டாக்டரைக் கேட்காமல் வாந்தி மாத்திரை போட வேண்டாம்.

அன்றிரவு வால்பாறையில் தங்கினோம். மறுநாள் விடிந்ததும், நடமாட்டம் நன்றாகத் தெரிந்த ஒரு பெரியவர் எங்களைக் காட்டுக்கு அழைத்துப் போக வந்தார். ஆனைமலைக் காட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்கிற காடர் இனத்தைச் சேர்ந்தவர். எஸ்டேட்டில் முன்கூட்டியே மாப்பிள்ளை அனுமதி வாங்கி வைத்திருந்தார்.

"முதல்ல புதுத்தோட்டம் போலாமுங்கம்மா. சோலைமந்தி பாக்கலாம்" என்றார் பெரியவர்.

சோலைமந்தி என்பது சிங்கவால் குரங்குதான். மேனி முழுவதும் கறுப்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பிடரி மயிர், வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது மாதிரி ஒரு குஞ்சம். உலகத்திலேயே நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இருக்கிறதாம், அதுவும் சில ஆயிரங்கள்தான். புதுத்தோட்டத்தில் ரோட்டோரத்து மரத்திலேயே ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. அடி வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு தாய் என்னையே பார்த்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பசிக்குமே என்று தோன்றியது எனக்கு. பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டி விட்டேன்.

"அம்மா! வேண்டாமுங்க!" என்று பெரியவர் போட்ட சத்தத்தில் கை தானாக மடங்கியது. பழம் பைக்குள் போன பிறகுதான் அவர் பேசினார்.

"வெடிப்பலா மரத்துப் பூவும் கொட்டையும் தின்னுட்டு மரத்து மேலயே இருந்த ஜீவனுங்கம்மா இது. வர்ற போற வண்டிக்காரங்க ஆளுக்கு ஒண்ணு கொடுத்துக் கொடுத்து, ரோட்டுக்கு இறங்கிப் பழகிடுச்சு. வண்டியில அடிபட்டுச் சாகுது. நீங்க பாசத்துலதான் கொடுக்கறீங்க. அந்தப் பாசம்தான் அதைக் கொல்லுது."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்த யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பியறியாதவள் நான். காக்கைக்கு வைக்காமல் சாப்பிட்டதில்லை. கொடுப்பதிலும் ஒரு தப்பு இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதே இல்லை. அண்ணாந்து பார்க்கச் சொன்னார் பெரியவர். ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருந்தார்கள், குரங்குகள் தரையில் இறங்காமல் கடப்பதற்காகவாம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குட்டி அதில் ஓடி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. கொடுப்பதென்றால் இப்படியல்லவா கொடுக்க வேண்டும்!

பிறகு மழைக்காட்டுக்குள் நடை. பேரனை மாப்பிள்ளையிடமும் எங்க வீட்டுக்காரரிடமும் ஒப்படைத்து விட்டு, நானும் பெண்ணும் மட்டும் பெரியவர் பின்னால் போனோம். "அழுதா போன் பண்ணுங்க, அழுதா போன் பண்ணுங்க" என்று நாலு தடவை சொல்லி விட்டுத்தான் அவள் கிளம்பினாள்.

தேயிலைத் தோட்டத்து வெயிலிலிருந்து காட்டுக்குள் காலை வைத்ததும், மதிய வேளையில் கோயில் கர்ப்பக்கிருகத்துக்குள் நுழைந்த மாதிரி இருட்டும் குளிர்ச்சியும். தென்னை உயரத்துக்கும் மேலே பெரிய மரங்கள், அதற்குக் கீழே நடுத்தரம், அதற்கும் கீழே செடி, கொடி என்று அடுக்கு மாடி வீடு போல இருக்கிறது காடு. சில மரங்களின் அடியில் சுவர் எழுப்பினாற்போல் பலகை வேர்கள். நிறைய இலைகளுக்கு நுனி வால் மாதிரி நீண்டிருந்தது. மழைத்தண்ணீர் இலையில் தங்காமல் வழிந்து போக இந்த ஏற்பாடு. நம் வீட்டுக் கிண்டிக்கு மூக்கு வைத்தாற்போல என்று நினைத்துக்கொண்டேன்.

முன்பு ஆனைமலை மேட்டில் இப்படிப்பட்ட காடுகள் பரந்து கிடந்தனவாம். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர்கள் காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் போட்டார்கள். இன்று தோட்டங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாகத்தான் மழைக்காடு மிச்சம். அந்தத் திட்டுகளில் அழிந்துபோன இடங்களில் இந்த மண்ணுக்கே உரிய மரங்களை நட்டு மீண்டும் காடாக்கும் வேலையை, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற நிறுவனத்தார் செய்து வருகிறார்கள். அதை முன்னின்று நடத்துபவர்களில் திவ்யா முத்தப்பா என்ற பெண் விஞ்ஞானியும் ஒருவர். வால்பாறையிலேயே குடியிருந்து, இருவாச்சிப் பறவைகளையும் ஆராய்ந்தவர். கேட்டதும் பெருமையாக இருந்தது.

முதல் நாள் மழை பெய்திருந்ததால் அட்டைகள் எழுந்து விட்டன. என் கணுக்காலில் ஒன்று ஒட்டிக்கொண்டதும் நான் போட்ட கூச்சலில் காடே அதிர்ந்தது. பயப்பட ஒன்றுமில்லை, சகோதரிகளே. அது கடிப்பது தெரியாது, வலிக்காது. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு திரவத்தை விடுகிறது, அதனால் அட்டை விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கசியும். பிடித்து இழுக்காமல் நகத்தால் பக்கவாட்டில் மெதுவாக நெம்பி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். பேண்ட் நுனியைக் காலுறைக்குள் திணித்துக்கொண்டு போவது நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் மழைக்காலத்தில் இந்த நடையைத் தவிர்க்கலாம்.

ஒரு மேட்டில் ஏறியதும் பெரியவர் உதட்டில் விரலை வைத்தார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான மரம். அதன் நடுமரத்தில் நெட்டுவாக்கில் ஒரு கீறல் மாதிரி தெரிந்தது. "அதுதான் இருவாச்சி வீடு. இதுக்கு மேல கிட்டப் போகக் கூடாதுங்க" என்று காதோடு சொன்னார்.

கால்மணி நேரம் காத்திருந்தோம். திடீரென்று தலைக்கு மேலே பழைய நிலக்கரி ரயில் வருவது மாதிரி "புஸ்... புஸ்..." என்று சத்தம். றெக்கை வீச்சின் சத்தமாம் அது! கறுப்பும் வெள்ளையுமாய், மஞ்சள் அலகுக்கு மேல் கொம்பு வைத்த, மூன்றடிக்குக் குறையாத ஆண் பறவை வந்து அந்தக் கீறலுக்கு எதிரே ஒட்டிக்கொண்டது. தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டு வந்து நீட்டியது. உள்ளேயிருந்து இன்னொரு அலகின் நுனி வந்து வாங்கிக்கொண்டது. பொட்டு வைத்த மாதிரி அந்த நுனி மட்டும்தான் தெரிந்தது.

"தை மாசக் கடைசியில உள்ள போனது. தன் எச்சம், பழச்சக்கை எல்லாம் குழைச்சு வாசலைத் தானே பூசிக்கும். பாம்பு, மரநாய் வராதுல்ல? உள்ள இருக்கிறப்ப றெக்கை எல்லாம் உதிர்ந்துடும். பறக்க முடியாது. வீட்டுக்காரன் கொண்டாந்து கொடுத்தாத்தான் சோறு. அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உள்ள இருக்கிறதுக்கும் ஆபத்துதான்" என்றார் பெரியவர். எச்சத்தைக்கூட அந்தக் கீறல் வழியாகவே வெளியே தள்ளி வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுமாம்.

"பாத்தியா கண்ணு? பறவையே எப்படிப் பொறுமையா இருக்குது!" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் பெண் கேட்டாள்: "ஐயா, அது எப்ப வெளிய வரும்?"

"குஞ்சு பாதி வளர்ந்ததும் தாய் வாசலை உடைச்சுட்டு வெளிய வந்துடும் பாப்பா. அதுக்குள்ள புது றெக்கை முளைச்சிருக்கும். குஞ்சு உள்ள இருந்துக்கிட்டே வாசலைத் திரும்பப் பூசிக்கும். அதுக்குப் பொறவு அப்பனும் ஆத்தாளுமா சேர்ந்து இரை தேடிட்டு வந்து ஊட்டுவாங்க. வளர்ற குஞ்சுக்கு ஒருத்தன் கொண்டாந்தாப் பத்தாதுல்ல?"

அவள் அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் சொல்ல வந்ததை விழுங்கி விட்டேன்.

திரும்பி வருகிற வழியில் அவளே பேசினாள். "நான் பையனை விட்டுட்டு ஓடணும்னு நினைக்கலைம்மா. எப்ப வெளிய வரலாம்னு ஒரு நாள் தெரிஞ்சா போதும், அது வரைக்கும் சந்தோஷமா இருப்பேன். நீ அன்னிக்கு அதட்டினதும் அந்த நாளே இல்லைன்னு ஆயிடுச்சு."

எனக்குப் பதில் வரவில்லை. நாங்கள் எல்லாம் கிடக்கவில்லையா என்று கேட்டவள் நான். கிடந்தது சந்தோஷமாகத்தானா என்று என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை. பழம் நீட்டிய கைதான் இவளையும் வாயடைத்தது. இரண்டும் பாசத்தில்தான்.

விடுதிக்கு வந்தால் அங்கே ஒரு கூத்து! மாப்பிள்ளை சட்டை முழுக்க ராகிக் கூழ். எங்க வீட்டுக்காரர் மண்டியிட்டு யானை வேஷம் போட்டுக்கொண்டிருந்தார். "அப்புச்சி, அப்புச்சி" என்று பேரன் முதுகில் குதிரை ஏறிக்கொண்டிருந்தான். அழுகையா? அம்மா வந்ததையே அவன் கவனிக்கவில்லை!

அன்றைக்கே சொல்லி விட்டேன். "கண்ணு, பள்ளிக்கூடம் திறக்கறப்ப நீ வேலைக்கு எழுதிப் போடு. காலையில பையனை அமிச்சிகிட்ட விட்டுட்டுப் போ. சாயங்காலம் வந்து கூட்டிக்கோ." உங்களுக்குச் சிரமம் இல்லையா என்று மாப்பிள்ளை கேட்டார். சிரமம்தான், முட்டி வலிக்காரி நான். வாரத்தில் இரண்டு நாள் சமையல் தன் பொறுப்பு என்று எங்க வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ரசம் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.

நீங்களும் ஒரு முறை போய் வாருங்கள். குழந்தைக்கு வேண்டியதை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் குப்பையைப் பையில் போட்டுக் கீழே கொண்டு வந்து விடுங்கள். கூட்டுக்குக் கிட்டப் போகாதீர்கள். குரங்குக்கு எதையும் கொடுக்காதீர்கள், அது எப்படிப் பார்த்தாலும் சரி. காலை ஆறு மணிக்குப் போனால் நிறையப் பார்க்கலாம். டார்ச்சும் கம்பளிச் சட்டையும் அவசியம்.

ஆனியில் என் பெண் வேலையில் சேர்ந்து விட்டாள். முதல் நாள் பேரனை என் இடுப்பில் வைத்து விட்டு, கேட்டைத் திறந்து, திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். பஸ் பிடிக்க வேண்டுமே, அப்புறம் ஓட்டமாக ஓடினாள்.