மணல்வாரியும் ஓதிய நீரும்

அரபியில் தட்டம்மைக்கு 'ஹஸ்பா' என்று பெயர். பொடிக்கற்களைக் குறிக்கும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததாகும். தமிழரோ இந்நோயை 'மணல்வாரி' என்றனர். அங்கே கல்லாகப் பட்டது இங்கே மணலாகப் பட்டிருக்கிறது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் மேனியைத் தடவிப் பார்த்த தாயின் கை இரு நாட்டிலும் ஒன்றே போலும். 1960 ஏப்ரலில் சென்னை மாநிலத்துடன் இணையும்வரை ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் திருத்தணி. ஆதலால் இங்குள்ள தெலுங்குப் பெண்டிர் அதைத் 'தட்டு' என்பர்.

அம்மை கண்ட வீட்டில் நம்மவர் செய்வது அண்டை வீட்டார் செய்வதினின்றும் பெரிதும் வேறல்ல. வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கும். அடுப்பில் தாளிப்பு இராது, கவிச்சி இராது. மருந்துக் கடைப் பக்கம் எவரும் போகார். மருந்து கொடுத்தால் முத்து உள்ளே அமுங்கிவிடும் என்பது அச்சம். அவர்கள் அம்மன் கோயில் தீர்த்தம் தெளிப்பர். நாம் பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் ஆயத்து எழுதி, கரைத்துக் குடிக்கக் கொடுப்போம். வேப்பிலையில் நமக்குக் குறையில்லை. பிறர் உள்ளே வாராதிருக்க அது ஓர் அறிவிப்பு. கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் நுழைவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததை அறிந்தவர்க்கு அதன் பயன் விளங்கும். ஆனால், மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் அந்த நாயகமேயன்றோ? மருந்தை விலக்கும் வழக்கம் எந்தக் கிதாபிலிருந்து வந்தது?

பெரியம்மை வேறு, தட்டம்மை வேறு என்று பிரித்துத் தனி நூல் எழுதியவர், ஹிஜ்ரி 313 அளவில் (கி.பி. 925) மறைந்த அபூபக்ர் அர்ராஸி. 'கிதாபுல் ஜுதரீ வல் ஹஸ்பா' என்பது அந்நூல். நோயின் காரணம் பற்றி அவர் கூறியது இரத்தக் கொதிப்பு. அது இன்று நில்லாது. ஆனால் கண்ணையும் தொண்டையையும் காதையும் காப்பது எவ்வாறு என்று அவர் தனியே எழுதியது, இந்நோய் எங்கெங்கே தாக்கும் என்பதை அவர் கண்டிருந்ததைக் காட்டுகிறது. மீலாது மேடைகளில் அன்னாரின் பெயரை நாம் எத்தனையோ முறை முழங்கியிருக்கிறோம். நூலின் பொருளைக் கேட்டிருந்தால் விழித்திருப்போம்.

2017 பிப்ரவரியில் தமிழகமெங்கும், ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டது. வாட்ஸ்அப்பில் வதந்திகள் பறந்தன. அது பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் ஊசி என்றுகூடப் பேசிக்கொண்டனர். நம் மஹல்லாவில் ஒரு தகப்பனார், நான்கு வயது மகனுக்காக அறிவிப்புத் தாளுடன் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், போடலாமா?" என்றார். "உங்கள் விருப்பம். அல்லாஹ் போதுமானவன்" என்றோம். அது தவக்குல் அன்று. பள்ளிவாசலில் எவரும் நம்மைக் குறை சொல்லக்கூடாது என்ற கவலையே அன்று நம் நாவை அவ்வாறு சொல்ல வைத்தது.

சில மாதங்கள் கழித்து அதே வீட்டிலிருந்து ஆள் வந்தது. வேப்பிலைக் கொத்தைக் கடந்து உள்ளே போனோம். ஜன்னல் அடைத்திருந்தது. பையனின் முகமும் மார்பும் சிவந்து தடித்திருக்க, கண்கள் பீளையால் ஒட்டியிருந்தன. மூன்று நாளாகக் கஞ்சி மட்டும். பாட்டியார் தட்டை நீட்டினார். எழுதினோம், ஓதி ஊதினோம். ஊதக் குனிந்தபோதுதான் கண்டோம்: மூச்சுக்கு மூச்சு அவன் விலாவெலும்பின் இடை உள்ளே குழிந்தது. "முத்து இறங்கட்டும், ஹஜ்ரத், மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகு பார்க்கலாம்" என்றார் பாட்டியார். "அம்மா, ஓத வேண்டியதை ஓதிவிட்டோம். இனிப் பிள்ளையைத் தூக்குங்கள்" என்றோம். ஆட்டோவில் நாமும் ஏறினோம்.

அரசு மருத்துவமனையில் நுரையீரல் சளிக்கு ஊசி போட்டனர்; வைட்டமின் ஏ திரவம் அடுத்தடுத்து இரு நாள் கொடுத்தனர். தட்டம்மை உடலில் உள்ள அந்தச் சத்தை வற்றச் செய்து கண்ணைக் கெடுப்பதையும், அதைக் கொடுத்தால் சாவு குறைவதையும் ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகள் தெளிவாக்கின. 1990-இல் கேப்டவுன் நகர மருத்துவர் வெளியிட்டது அவற்றுள் ஒன்று. முட்டையும் ஈரலும் பாலும் கீரையும் கொடுக்க வேண்டிய நாளில் வெறுங்கஞ்சி கொடுக்கும் வீடுகள் அக்கண்டத்திலும் பல உண்டு. முத்து வெளியே வரவேண்டும் என்ற எண்ணமும் உண்டு.

ஊசியில் ஹராம் கலந்திருப்பதாகக் கேட்போருக்கு ஒன்று சொல்லலாம். இந்தியாவில் தயாரான இதே வகைத் தடுப்பூசி குறித்து 2018-இல் இந்தோனேஷிய உலமா சபை ஆராய்ந்தது. தயாரிப்பில் பன்றியிலிருந்து பெற்ற பொருள் பயன்பட்டதை அறிந்தும், மாற்று ஊசி இல்லாத ளரூரத் நிலையில் போடலாம் என்று ஃபத்வா அளித்தது. 2022-இன் இறுதியில் மும்பை கோவண்டியின் நெரிசலான தெருக்களில் தட்டம்மை பரவியபோது இறந்த குழந்தைகளில் நம் சமூகத்தார் வீட்டுப் பிள்ளைகளும் பலர்.

ஒன்பது மாதம் நிறைந்ததும் முதல் ஊசி, பதினாறு முதல் இருபத்துநான்கு மாதத்துக்குள் இரண்டாவது. அகீகாவுக்கு அழைக்க வரும் வீட்டாரிடம் இப்போது இதையும் சொல்லி அனுப்புகிறோம். சிலர் சிரிக்கின்றனர்.

பையன் பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வலக்காதில் சீழ் பிடித்து, அந்தக் காது மந்தமாயிற்று. இன்று நம் மக்தபில் முன்வரிசையில் அமர்ந்து ஓதுகிறான். நாம் 'ஸாத்' என்றும் 'ஸீன்' என்றும் சொல்லிக் கொடுக்கையில், இடக்காதை நம் பக்கம் திருப்பி, "இன்னொரு தடவை, ஹஜ்ரத்" என்கிறான். நாம் மறுபடியும் சொல்கிறோம்.