முயலுக்கு நீராட்டு வேண்டுமா?

திருத்தணியில் நீராடல் என்பது உடலழுக்கைப் போக்குவது மட்டுமன்று. ஆடிக் கிருத்திகைக்கு வரும் இந்து சகோதரர்கள் குளத்தில் மூழ்கியெழுந்து மலைப்படி ஏறுகின்றனர். மாட்டுப் பொங்கலன்று உழவர் தம் மாடுகளைக் குளிப்பாட்டி மகிழ்கின்றனர். திருமுழுக்குப் பெற்ற நமக்கும் நீர் புதுவாழ்வின் அடையாளமே. ஆகவே, நேசிக்கும் உயிரை நீராட்டுவது அன்பின் செயலென்று கருதுவதில் வியப்பில்லை. ஆனால் முயலின் இயல்பு வேறு.

மே மாதத்தில் இவ்வூர் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். அத்தகைய ஒரு நண்பகலில், நம் பங்கைச் சேர்ந்த சிறுமி ஒருத்தி, மூச்சிரைத்த தன் முயலுக்கு இரங்கி, அதைக் குழாயடியில் நன்றாகக் குளிப்பாட்டினாள். மறுநாள் அது இறந்துகிடந்தது. "நான் நல்லதுதானே செய்தேன், சாமி?" என்று நம்மிடம் கேட்டாள். "உன் அன்பில் குறையில்லை, மகளே, அந்த அன்போடு அறிவும் சேரவேண்டும்" என்றோம். அந்த அறிவு பெற்றோருக்கும் தேவை.

முயல் தன்னைத் தானே நக்கித் தூய்மை செய்துகொள்ளும். அதன் அடர்ந்த மென்முடி நனைந்தால் எளிதில் உலராது. உடற்சூடு அபாயமான அளவுக்குக் குறைந்துவிடக்கூடும். பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணியாதலால், நீரில் அமிழ்த்தினால் உயிர்போகும் அச்சத்தோடு உதைக்கும். எலும்புகள் மெலிந்தவை, பின்னங்கால்களோ வலியவை. அந்த உதையில் முதுகெலும்பே முறிவதுண்டு. அதிர்ச்சியால் மாண்டுபோவதும் உண்டு.

வெயிலும் அதற்குப் பகையே. வியர்த்துக் குளிர்ச்சியடையும் ஆற்றல் அதற்கில்லை. பெரும்பாலும் காதுகளின் வழியாகவே வெப்பத்தை வெளியேற்றுகிறது. மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் முயல்களை வளர்ப்பது, கொடைக்கானல் மலையின் குளிர்ந்த மன்னவனூரில்தான். நம் ஊரிலோ, கூண்டை நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைத்து, மேலே ஈரச் சாக்கை விரிக்கலாம். குடிக்க எப்போதும் தண்ணீர் இருக்கவேண்டும். காதுகளின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம். வாயைத் திறந்து மூச்சுவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்க.

அழுக்குப் பட்டால், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அவ்விடத்தை மட்டும் துடைத்தால் போதும். பின்புறத்தில் மலம் ஒட்டி இறுகியிருந்தால், ஓர் அங்குல ஆழத்திற்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றிய தட்டில் அப்பகுதியை மட்டும் கழுவலாம். ஒருவர் மார்பையும் பின்னங்கால்களையும் தாங்கிப் பிடிக்கவேண்டும், தலையும் காதும் நனையலாகாது, சோப்பு வேண்டா. பின்னர்ப் பருத்தித் துண்டால் ஒற்றி, முடியின் அடிவரை உலர்த்துக. மீண்டும் மீண்டும் அழுக்கானால், புல் குறைந்து தீவனம் மிகுந்ததா, பல் நோய் உண்டா என ஆராய்க. அழுக்கில் ஈக்கள் முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். அப்போது மருத்துவரிடம் செல்லத் தாமதம் கூடாது.

கண்ணியில் சிக்கிய முயல் ஒன்றைப் புனித பிரான்சிஸ் அசிசியாரிடம் கொண்டுவந்தனர் என்று, 13ஆம் நூற்றாண்டில் அவர் வரலாற்றை எழுதிய செலானோ தோமையார் கூறுகிறார். தரையில் விடும்போதெல்லாம் அது அவர் மடிக்கே திரும்பியது. புனிதரோ அதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. அருகிலிருந்த காட்டில் விட்டுவரச் செய்தார். தமக்கு இனியதை அன்று, அதற்கு நலமானதையே நாடினார். நம் இல்லங்களில் வளரும் சிற்றுயிர்களிடமும், ஏன், நம் பிள்ளைகளிடமும்கூட, நம் அன்பு இவ்வழியே செல்வதாக.