திருவாலங்காட்டில் சூரிய பம்ப்: தாத்தா பெயரில் பட்டா இருந்தால்?

அரக்கோணம் மின்ரயிலில் மணவூர் தாண்டினால் திருவாலங்காடு. ஐந்து சபைகளில் ரத்தின சபை இங்கேதான். காரைக்கால் அம்மையார் பாடிய ஊர். வருகிறவர்கள் பெரும்பாலும் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். வயல்பக்கம் போனால் நெல்லும், கூட்டுறவு சர்க்கரை ஆலையை நம்பிய கரும்பும். ஆண்டு முழுக்கத் தண்ணீர் கேட்கும் பயிருக்கு டீசல் இன்ஜினால் இறைத்தால் கட்டுப்படி ஆகாது.

2019-ல் வந்த பி.எம். குசும் திட்டத்தில், சூரிய பம்ப்செட்டுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் 60 சதவிகித மானியம் உண்டு. சிறு, குறு ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிகளுக்கு இன்னும் கூடுதல்.

இடறுவது பட்டாவில்தான். தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும். அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சில் பாகம் பிரித்து உழுதுகொண்டிருப்பார்கள். உழுகிறவர் பெயரில் சிட்டா இல்லாவிட்டால் விண்ணப்பம் நகராது. வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் இரண்டையும் முன்கூட்டியே முடித்துவைப்பது நல்லது. அறிவிப்பு வந்தபிறகு ஓடினால் ஒதுக்கீடு தீர்ந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதியில் புது சூரிய பம்ப்புக்கு மத்திய வழிகாட்டுதலில் இடமில்லை. ஏற்கெனவே ஓடும் டீசல் இன்ஜினை மாற்றலாம். அதற்கும் சொட்டுநீரோ தெளிப்புநீரோ போட்டாக வேண்டும். தங்கள் பிர்காவின் நிலையை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு காகிதம் சேர்க்கலாம்.

குசும் பெயரில் பதிவுக் கட்டணம் கேட்கும் போலி இணையதளங்களும் உண்டு. பங்குத்தொகையை அலுவலகம் சொல்லும் வழியில் மட்டுமே கட்ட வேண்டும். பம்ப் போட்ட நிறுவனமே 5 ஆண்டு பராமரிக்கக் கடமைப்பட்டது. அந்த ஒப்பந்தத் தாளைப் பட்டாவோடு சேர்த்தே வைக்கலாம்.